இரண்டாம் குவளை

கிங்ஸ்பரி, லண்டன்
03.02.2025

தம்பி பாலேந்திராவுக்கு,

அக்கா நேசமலர் எழுதுவது. நல்லூரான் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்கவில்லை, நினைத்துக்கொள்கிறேன்.

இது உனக்கு ஆசைப்பட்டு எழுதுகிற கடிதம் இல்லை. நேர்த்திக்கடன். மார்கழிக் கடைசியில் என் வயிற்றுக்குள் கட்டி போல ஏதோ தெரிகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முடிவு வர மூன்று கிழமை. மகள் மயூரா என் முன்னால் சிரித்துக்கொண்டு திரிந்தாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் கந்தனிடம் சொன்னேன்: "ஒண்டும் இல்லை எண்டு வந்தால் பாலேந்திராவுக்கு ஒரு கடிதம் போடுவன்." ஏன் உன் பெயர் வாயில் வந்ததென்று தெரியாது. நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னது சொன்னதுதான்.

போன வியாழன் முடிவு வந்தது. டாக்டர் ஸ்ரீநிதி சென்னைப் பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, வெறும் நீர்க்கட்டி. நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றாள். வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். இரண்டு 183 வந்து போனது. ஏறத் தோன்றவில்லை. அந்தக் குளிர்கூட நல்லாய்த்தான் இருந்தது.

போனில் ஏன் கதைக்கவில்லை என்று உன் மனுசி சுசிலா கேட்பாள். 1997 வைகாசி 24, சனிக்கிழமை, நூரன்பேர்க் மண்டபத்தில் நான் கந்தன் மேல் செய்த சத்தியம் இது: என் கதையை வெளியே சொன்னவனோடு இந்த வாயால் இனிக் கதைக்கமாட்டேன். வாயால் என்றுதான் சொன்னேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை. ஆகவே கை எழுதுகிறது.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. 1996 ஆவணி, நாங்களும் ஜேர்மனியில் இருந்த காலம், உன் லிண்டன்பாக் கிராமத்துத் தேவாலயத் திருவிழா. நீ வேலை செய்த பியர் ஆலையின் குசினியில் நான் இரண்டு நாள் உருளைக்கிழங்கு உரித்தேன். குசினிக்காரி குனிகுண்டா அம்மா ஒரு கல்குவளையில் ஏதோ தந்தா. வெறிக்காத மோல்ற் தண்ணி என்று நினைத்துக் குடித்தேன். அவ்வளவுதான். அங்கே எங்கள் ஆட்களில் நின்றது நீ ஒருவன். ஒன்பது மாதம் கழித்து, உன் அத்தானின் தமக்கை மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. நான் ஆலாத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போகிறேன். பிள்ளையின் தாய், என் மச்சாள், சபை முழுக்கக் கேட்கக் கத்துகிறா: "பியர்க்காரி வாறா, விலகுங்கோ! ரெண்டாம் குவளையும் கேட்டு வேண்டிக் குடிச்சவ!"

நூற்றைம்பது பேர் சிரித்தார்கள். கர்ப்பூரப் புகைக்குள்ளால் ஒரு மண்ணிறக் கோட்டுக் கை தெரிந்தது. பாதி கடித்த ரோல்ஸைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்த கை. உன்னுடைய கோட்டு.

நேர்த்தி முடிந்தது. பதில் போடவேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. விலாசம் உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அக்கா (அதை மாற்ற ஏலாது)
நேசமலர்


லிண்டன்பாக்
15.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். எனக்கு முழங்கால் வலி, சுசிலாவுக்குச் சீனி வருத்தம். இந்த வயதில் இதையும் சுகம் என்றுதான் சொல்லவேண்டும்.

உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும் சுசிலா வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். "ஆருக்கோ ஏதோ ஆச்சுது, நான் திறக்கமாட்டன்" என்றாள். நான்தான் திறந்தேன். முதலில் கடைசி வரியைப் பார்த்தேன். பிறகு நடுவில் தேடி "நீர்க்கட்டி" என்ற சொல்லைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. மிச்சத்தை நாலு தரம் வாசித்தோம். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்ட குடும்பம் ஜேர்மனியில் எங்களைத் தவிர இருக்காது.

ஆலையில் நான் ஓய்வெடுத்து மூன்று வருஷம். ஆனாலும் வியாழக்கிழமைகளில் போய் நிற்பேன். அன்றைக்குத்தான் தானியம் ஊறவைத்துக் காய்ச்சுகிற நாள். தெரு முழுக்கப் பேக்கரி மாதிரிப் பாண் மணம் வரும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குனிகுண்டா அம்மா போன வருஷம் காலமானா. தொண்ணூற்றொரு வயது. கடைசி வரைக்கும் "உன்ரை அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவ. நானும் நல்லாய் இருக்கிறா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது உண்மையாய்ப் போனது.

நீங்கள் எழுதிய பழைய விஷயத்தில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அண்டைக்கு நான் வந்து சேர்ந்தபோது ரோல்ஸ் முடிந்துவிட்டது.

மயூராவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
பாலேந்திரா


கிங்ஸ்பரி
02.03.2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை தவறாமல் ஹரோவுக்குத் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள். வீட்டில் இங்கிலீசில் சண்டை பிடிக்கிறார்கள். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்லிச் சுசிலாவிடம் சொல்.

குனிகுண்டா அம்மா போனது எனக்குக் கவலை. நல்ல மனுசி. என் கத்தி மொட்டை என்று கண்டு, அதைத் தான் எடுத்துக்கொண்டு தன் கத்தியை எனக்குத் தந்தவ.

ரோல்ஸ் விஷயத்தில் பொய் சொல்லாதே. என் படிப்புத்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் நிற்கவில்லை. 2012இல் அத்தானின் செத்தவீட்டுக்கு நீ வந்து வாசலோடு நின்றாய். கறுப்புக் கோட்டு, இடது கையில் ஒரு பித்தான் இல்லை. ஆறு வெள்ளை ரோசாப்பூ. நான் உன்னைப் பார்க்காத மாதிரித்தான் இருந்தேன், ஆனால் எண்ணினேன். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறவளுக்கு ரோல்ஸ் ஞாபகம் இருக்காதா? அத்தானுக்குக்கூட உன்மேல் அவ்வளவு வெறுப்பு. நான் உன் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கினால் அந்த மனுசன் எழும்பிப்போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிடும்.

நீ பாண் மணம் என்று எழுதினாயே, அதை வாசித்த பிறகு ஒரு சின்ன வேலை பார்த்தேன். கிங்ஸ்பரி ரோட்டில் நிஷாந்தனின் கடை. பாலும் பாணும் முன்னுக்கு, பியரும் சாராயமும் பின்னுக்கு. அவனும் எங்களைப் போல ஜேர்மனியிலிருந்து வந்தவன்தான், ஸ்ருட்கார்ட். என்னைக் கோயில் வரிசையில் மட்டும் கண்டு பழகியவன்.

"ஜேர்மன் பியர் ஏதும் இருக்கோ?" என்றேன்.

"ஆருக்கம்மா?"

"மருமோனுக்கு."

"பிரவின் அண்ணை குடிக்கிறேல்லையே!"

"அப்ப சமையலுக்கு."

"பியர் போட்டு என்ன சமையல் அம்மா?"

"நீ விக்கிறியோ, விசாரிக்கிறியோ?"

பச்சைத் தகரப் பேணியில் ஒன்று தந்தான். மருமகன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லிவிட்டார். தகர மணமாம். நாக்கைக் குத்துகிறதாம், ஆனால் நாக்கில் ஒன்றும் நிற்கவில்லையாம். எங்களுடையது அப்படி இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா
நேசமலர்


லிண்டன்பாக்
16.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லெண்ணெய் பூசினேன். முழங்கால் கொஞ்சம் பரவாயில்லை. வீடு முழுக்கத் தோசைக்கடை மணம்.

பிரவின் குடிக்கிறேல்லை என்று நிஷாந்தன் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் பிரவின் ஒரு வாய் குடித்துப் பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு "எங்களுடையது அப்படி இல்லை" என்று ஒரு வசனம். அதைச் சொன்னதும் பிரவினோ? சுசிலா இதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவளுடைய மூக்குக்கண்ணாடி தேத்தண்ணிக்குள் விழுந்தது.

அக்கா, உங்களுக்குக் கடைப்பியர் பிடிக்காது. பிரவினுக்கும் பிடிக்காது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஆலையில் காய்ச்சுவது லாண்ட்பியர், என்றால் ஊர்ப்பியர். இங்கே ஊருக்கு ஒன்று. எங்களுடையது பக்கத்துக் கிராமத்துக்குக்கூடப் போகாது. ஐஸ் மாதிரிக் குளிரக்கூடாது, நிலவறைக் குளிர் போதும். அதிகம் பொங்காது. பால் விடாத தேத்தண்ணி நிறம். இரண்டு கிழவர்கள் ஒரு குவளையோடு ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்கலாம், அவசரப்படுத்தாது.

ஈஸ்டருக்குப் பிறகு நூரன்பேர்க்கிலிருந்து கிருஷ்ணமூர்த்தி ஹரோவுக்கு ஒரு கலியாணத்துக்குக் காரில் வருகிறார். அவரிடம் இரண்டு போத்தல் கொடுத்து விடுகிறேன். பிரவினுக்குத்தான். ஒரேயொரு விஷயம்: வெறும் போத்தலை எறிந்துவிடவேண்டாம். கம்பி மூடி போட்ட ஆலைப் போத்தல். அது கழுவி ஆலைக்குத் திரும்பி வரவேண்டும் என்பது இங்கே வழக்கம். சில போத்தல் என்னைவிடப் பழசு.

சுகத்துக்கு எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
பாலேந்திரா


கிங்ஸ்பரி
30.03.2025

தம்பிக்கு,

நான் உன்னிடம் பியர் கேட்கவில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அனுப்புவதென்றால் தடித்த துவாயில் சுற்றி அனுப்பு. வெளியில் ஒன்றும் எழுதாதே. கிருஷ்ணமூர்த்திக்கு உள்ளே என்ன என்று சொல்லாதே; அவருடைய மனுசி மச்சாளுக்கு நெருக்கம்.

நீ ரோல்ஸைப் பற்றி எழுதிய ஒரு வரி எனக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது. நான் திட்டினேன், நீ அதற்குப் பதில் சொல்லாமல் முழங்காலைப் பற்றி எழுதுகிறாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பிழை செய்தால் அழுது குழறி மறுப்பாய். பிழை செய்யாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பாய்.

அந்த நாளை நான் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பத்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கு ரோல்ஸும் சர்பத்தும். பன்னிரண்டுக்குப் பிள்ளையைத் தோழிகளோடு கொண்டுவந்தார்கள். பன்னிரண்டே காலுக்கு ஆலாத்தி. அப்போதுதான் மச்சாள் கத்தினது. ஒரு மணிக்குச் சாப்பாடு. சுசிலா தனியாக, நாவல் நிறச் சேலையோடு, பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து ஆருக்கோ இடம் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

நீ எத்தனை மணிக்கு வந்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. உண்மை எழுது.

அக்கா
நேசமலர்


கிங்ஸ்பரி
11.05.2025

தம்பி பாலேந்திராவுக்கு,

நீ சுகமா? இந்த முறை கேட்கிறேன்.

ஆறு கிழமையாகிறது. பங்குனியில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. கிருஷ்ணமூர்த்தி போத்தல் இரண்டையும் ஹரோவில் வைத்துத் தந்தார். அதற்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. "பாலேந்திரா அண்ணை நல்லாத்தான் இருக்கிறார், கொஞ்சம் யோசனையா இருக்கிறார்" என்றார். யோசனை என்ன யோசனை?

போத்தலைக் கோயில் பையில் போட்டு, மேலே வாழையிலை வைத்து, ஹரோவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பஸ் திரும்பும்போதெல்லாம் இரண்டும் முட்டி மணியடித்தது. முன் இருக்கையில் தமிழ் வகுப்பு ரீச்சர் தாரகா. "என்னக்கா, நல்லெண்ணெயோ?" என்றா. "ஓம் பிள்ளை, விளக்குக்கு" என்றேன். "ரெண்டு போத்தலோ?" என்றா. "பெரிய விளக்கு" என்றேன். என் அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். திறக்கவில்லை. திறக்க மனம் வரவில்லை.

நீ பதில் போடாததால் நானே யோசித்தேன். கேள்.

மண்ணிறக் கோட்டு. நாங்கள் அகதியாக வந்த வருஷம் பாதிரியார் பழைய உடுப்பு தந்தபோது ஒரே மாதிரி இரண்டு மண்ணிறக் கோட்டு இருந்தது. ஒன்று உனக்கு. மற்றது அத்தானுக்கு. நல்லது கெட்டதுக்கெல்லாம் இரண்டு பேரும் அதைத்தான் போட்டீர்கள். ஆட்கள் உங்களை பாண்ட் வாத்தியக்காரர் என்று பகிடி பண்ணினார்கள். நான் புகைக்குள்ளே கையைத்தான் கண்டேன். முகத்தைக் காணவில்லை. வெட்கத்தில் நான் தலையை நிமிர்த்தவில்லை.

அந்தக் கையில் மணிக்கூடு இருந்தது. பச்சை முகம் போட்ட மணிக்கூடு.

நீ மணிக்கூடு கட்டுகிறதில்லை. 1991இல் உன் மணிக்கூடு ஆலைக் கொப்பறைக்குள் விழுந்து வெந்துபோனது. அதற்குப் பிறகு நீ கட்டவேயில்லை. பச்சை மணிக்கூடு என்னுடைய அலுமாரியில் இருக்கிறது. இப்போதும் ஓடுகிறது.

பாலேந்திரா, எனக்கு எழுபத்தைந்து வயது. போன தை மாதம் சாவைப் பற்றி யோசித்துவிட்டு வந்தவள். என்னிடம் எதையும் பொத்தி வைக்காதே. ஆர் சொன்னது?

அக்கா
நேசமலர்


லிண்டன்பாக்
19.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பிந்தியதற்குக் காரணம் உடம்பு இல்லை. ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். சுசிலா நேற்றுச் சொன்னாள்: "அத்தானுக்குக் குடுத்த வாக்கு அத்தானோட போச்சு. உங்கட அக்கா உயிரோட இருக்கிறா. இப்ப ஆருக்கு நீங்கள் உண்மையா இருக்கவேணும்?" அதற்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

நான் மூன்று மணிக்குத்தான் மண்டபத்துக்கு வந்தேன். சனிக்கிழமையிலும் கொப்பறை கழுவுகிற வேலை இருந்தது, முடிக்காமல் விடமாட்டார்கள். வந்தபோது நீங்கள் எழும்பிப் போயிருந்தீர்கள். மிஞ்சியிருந்தது ஆறின சர்க்கரைப் புக்கை.

திருவிழா நாளை நீங்கள் பாதிதான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் பிழை இல்லை. இரண்டு குவளைக்குப் பிறகு ஆருக்கும் பாதிதான் ஞாபகம் இருக்கும். நான் உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழி முழுக்க நீங்கள் தேவாரம் பாடினீர்கள். மாடுகள் வேலியடிக்கு வந்து கேட்டன. வாசலில் விட்டுவிட்டு நான் திருவிழாவுக்குத் திரும்பினேன். ஆரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

அத்தானிடம் சொன்னது நீங்கள். அவர் வேலையால் வந்தவுடன், சப்பாத்தைக் கழற்ற விடாமல், எல்லாவற்றையும் சொன்னீர்களாம். "ரெண்டாவதை நானேதான் கேட்டு வேண்டினனான். மூண்டாவதும் கேட்டிருப்பன், வெக்கமாப் போச்சு" என்றீர்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு நித்திரையாய்ப் போனீர்களாம். விடிந்தபோது உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சடங்கு வேலைகளுக்குள் தன் தமக்கையிடம் அத்தான் இதைச் சொல்லியிருக்கிறார். பகிடிக்கு இல்லை அக்கா. "நாட்டை விட்டு வந்த பிறகு என்ரை மனுசி வாய்விட்டுச் சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டனான்" என்று சந்தோசத்தில் சொன்னது. அவ அதைச் சபையில் விட்டெறிந்தா. அத்தானும் முதலில் சிரித்திருக்கிறார், அந்த இரவு ஞாபகத்துக்கு வந்திருக்கும். பிறகுதான் உங்கள் முகத்தைக் கண்டிருக்கிறார்.

மூன்று மணிக்கு நான் வந்து இறங்கியபோது அவர் மண்டபத்துக்குப் பின்னால், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கையில் இன்னும் பாதி ரோல்ஸ். "மச்சான், நீ சொன்னதெண்டு நினைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டாள். நான் எண்டு தெரிஞ்சால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போயிடுவாள். நீ கூடப்பிறந்தவன். ஒரு கிழமையில மன்னிச்சிடுவாள்" என்றார்.

ஒரு கிழமை என்றுதான் நான் ஒத்துக்கொண்டேன், அக்கா.

லண்டனுக்குப் போன பிறகும் ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாளுக்குச் சவுத்தாலில் அவர் வேலை செய்த கடையிலிருந்து போன் எடுப்பார். "இன்னும் கொஞ்சம் பொறு மச்சான், இந்த வருஷம் சொல்லிப்போடுவன்" என்பார். அவருக்குத் தைரியம் வரவில்லை. அவரைக் கோபிக்காதீர்கள். உங்களை இழக்கப் பயந்த மனுசன்.

அன்புத் தம்பி,
பாலேந்திரா


கிங்ஸ்பரி
27.05.2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன்.

எழுதக் கொஞ்ச நாள் வேண்டும். பதில் வரவில்லை என்று பயப்படாதே. அடுத்த மாதம் 21ஆம் திகதி அத்தானின் திவசம். அது முடிய எழுதுகிறேன்.

நீ இருபத்தெட்டு வருஷமாக ஒரு முறையாவது என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத்தான் பெரிய திமிர் என்று நினைத்திருந்தேன்.

அக்கா


கிங்ஸ்பரி
22.06.2025

என் தம்பி பாலேந்திராவுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் சுசிலாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நேற்று ஐயர் தர்ப்பை போடும்போது உங்கள் இரண்டு பேரையும் நினைத்தேன்.

காலையில் திவசம் முறையாக முடிந்தது. மரக்கறிச் சாப்பாடு, கத்தரிக்காய்க் குழம்பு, அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல். பின்னேரம் மயூரா பிள்ளைகளையும் பிரவினையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். "நீங்கள் வரேல்லையோ அம்மா?" என்றாள். "கால் நோ" என்றேன். ஐந்து மணி. வெயில் நேராக அவருடைய படத்தில் விழுந்தது.

அலுமாரிக்குள்ளிருந்து இரண்டு போத்தலையும் எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். பச்சை மணிக்கூட்டையும் பக்கத்தில் வைத்தேன். பிறகு திட்டத் தொடங்கினேன். முக்கால் மணித்தியாலம். எழும்பிப்போய்க் கோப்பை கழுவ அவருக்கு வழி இல்லை. முழுக்கக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, தம்பி. வெறுப்பில் கழுவினவர் இல்லை. பதினைந்து வருஷம் எங்கள் வீட்டுக் கோப்பையெல்லாம் மின்னியது உன்னாலே.

திட்டி முடிய, தொண்டை காய்ந்துபோனது. போத்தலின் கம்பியைத் தள்ளினேன். "டொப்" என்று ஒரு சத்தம். எனக்கு இருபத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு திரும்பி வந்தது. கல்குவளை என்னிடம் இல்லை. அம்மாவின் மூக்குப்பேணியை எடுத்தேன். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கலாம் என்று பார்த்தேன். பியருக்கு அந்த மூக்கு சரிவராது. நுரை முதலில் வந்து மூக்கில் ஏறியது. சரி போ என்று வாய் வைத்தே குடித்தேன்.

இப்போது உண்மை எழுதுகிறேன். இதுவரை மோல்ற் தண்ணி என்று நினைத்ததாகச் சொன்னது பொய். 1996இல் குவளை மூக்குக்குக் கிட்ட வரும்போதே பியர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்தேன். அது நன்றாக இருந்தது. அதுதான் என்னுடைய பெரிய வெட்கம். ஆரும் ஏமாற்றித் தந்திருந்தால் நான் இப்படி எரிந்திருக்கமாட்டேன்.

அது அப்படியேதான் இருக்கிறது, பாலேந்திரா. ஒரு துளி மாறவில்லை. முதலில் கருகக் கருகச் சுட்ட பாண் தோலின் மணம். நாக்கில் ஒரு மெல்லிய இனிப்பு, சீனி இல்லை, தானியத்தின் இனிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் வேப்பம்பூ வடகத்தின் கசப்பு, அதுவும் கொஞ்ச நேரம் நின்று மரியாதையாகப் போகிறது. குத்தவில்லை. அவசரப்படுத்தவில்லை. கிழங்கு உரித்த கையின் குளிர், குனிகுண்டா அம்மாவின் கத்தி, யன்னலுக்கு வெளியே வாத்தியம், நாளைக்கு நாட்டிலிருந்து என்ன செய்தி வருமோ என்று ஒரு பின்னேரம் மட்டும் நினைக்காமல் இருந்தது, எல்லாம் அந்தப் பேணிக்குள் இருந்தது. நான் சிரித்தேனாம் என்று அத்தான் சொன்னாரே. சிரித்திருப்பேன்.

முதல் போத்தல் முடிந்தது. இரண்டாவதைத் திறந்தேன். இந்த முறை ஆரிடமும் கேட்கவில்லை.

பாதியில் மயூரா வந்துவிட்டாள்.

"அம்மா! என்ன இது?"

"அப்பாவுக்குப் படைச்சது."

"ஒரு போத்தல் வெறுமையா இருக்கு?"

"கொப்பா எப்ப மிச்சம் வைச்சவர்?"

பிறகு நினைத்தேன், இன்னும் ஏன் அந்த மனுசன்மேல் போடவேண்டும். "நான் குடிச்சனான். நல்லா இருந்தது" என்றேன். மயூரா கோயில் பையைக் கீழே வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்து, பேணியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "ஓம் அம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளுக்கு எல்லாக் கதையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். மாமா ஏன் தன் கலியாணத்துக்கு வரவில்லை என்று கேட்டுவிட்டு அழுதாள். இந்த முறை தண்ணீரைத் திறந்துவிடாமல் அழுதாள். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் இல்லாமல் அவளை மணவறைக்கு அனுப்பியவள் நான். அதை நான் திருத்த ஏலாது. எழுதிவைக்கத்தான் ஏலும்.

இனிச் சத்தியத்தின் கதை. என் கதையை வெளியே சொன்னவனோடு இந்த வாயால் கதைக்கமாட்டேன் என்றேன். அப்படிச் சொன்னவரோடு நான் பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் காலை தொடங்கிப் படுக்கும்வரை கதைத்தேன். அவருக்கு முதலில் சொன்னவள் நானே. என்னோடு நானும் கதைக்காமல் இருந்ததில்லை. அந்தச் சத்தியம் செய்த அன்றைக்கே உடைந்துவிட்டது. அதைக் காப்பாற்றியது சம்பந்தமே இல்லாத உன்னோடு மட்டும்தான். கந்தனிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை.

ஆகவே வருகிற ஞாயிறு இங்கே நாலு மணிக்கு, அங்கே ஐந்து, நான் போன் எடுப்பேன். பக்கத்திலேயே இரு. நீ முதலில் கதைக்கக்கூடாது. நான் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், அதைக் கேட்டுப் பழக்கம் இல்லாதபடியால் கொஞ்சம் நேரம் எடுக்கும். நடுவில் "பரவாயில்லை அக்கா" என்று குறுக்கே விழாதே.

மச்சாளை நான் மன்னிக்கவில்லை. அவவுக்கும் எழுதுவேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கு ஒரு கட்டிதான் வந்தது.

போத்தல் இரண்டையும் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கம்பி மூடி வளையவில்லை. ஆலைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்றாயே, ஆர் கையிலும் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை. ஆவணித் திருவிழாவுக்கு நானே கொண்டுவருகிறேன். மயூரா பயணச்சீட்டுப் பார்க்கிறாள். குசினியில் கிழங்கு உரிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லிவை. என் கத்தியைக் கொண்டுவருவேன்.

உன் அக்கா
நேசமலர்